காப்பு கட்டிய மாப்பிள்ளையும் கட்டிப்போட்ட படகும்

அறிவைப் பங்கு வைத்த நாளில் ஊமத்தங்குடிக்காரர்கள் ஊரில் இல்லை என்பது அபாண்டம். இருந்தார்கள். வரிசையில் நிற்கச் சொன்னார்களாம், இன்னும் நிற்கிறார்கள்.

அந்த மேதைகளில் ஒருவன் கொண்டல்சாமி. நாற்பதை நெருங்கும்போது கல்யாணம் கூடி வந்தது. பெண், பட்டணத்துப் பூங்கோதை. சம்பந்திகளை அசத்த நினைத்த அவள் அப்பா ஏகாம்பரம், ஆற்றங்கரையில் கட்டிப்போட்டிருந்த படகு ஓட்டலில் ரூம் போட்டார். கரையில் இறங்க ஒரு பலகை, ரோட்டைத் தாண்டினால் மண்டபம். ஒரு மனிதன் இதற்கு மேல் என்ன செய்வான்?

சாயங்காலம் புரோகிதர் படகுக்கே வந்து மாப்பிள்ளைக்குக் காப்பு கட்டினார். "தாலி கட்டுற வரைக்கும் தண்ணியைத் தாண்டக்கூடாது" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

காலையில் மாப்பிள்ளையை அழைக்க மேளம் வந்து கரையில் நின்றது. கொண்டல்சாமி பலகையில் கால் வைக்கப் போனான். தாய்மாமன் இருளப்பன் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"கீழ பாரு மாப்ளே. என்ன ஓடுது?"

"தண்ணி மாமா."

"தாண்டுனா கல்யாணம் வெளங்குமா?"

சித்தப்பா சடையாண்டி ஆழ்ந்து யோசித்தார். அவர் யோசித்தால் ஊரே பயப்படும்.

"தண்ணி இருந்தாத்தானே தாண்டணும்? எறைச்சிருவோம்."

பாத்ரூம் வாளிகள் வந்தன. படகின் இந்தப் பக்கம் மொண்டு அந்தப் பக்கம் ஊற்றினார்கள். ஆறு என்னவோ குறையவில்லை. "மேற்கே மழை போல" என்றார் சடையாண்டி.

கரையில் ஏகாம்பரம் தவித்தார். "முகூர்த்தம் முடியப்போகுது சம்பந்தி. இன்னைக்கு நின்னுபோனா என் பொண்ணு ஊர் முகத்துல எப்படி முழிப்பா?" அவர் கண் கலங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. பூங்கோதையும் மணக்கோலத்தில் வந்து நின்றாள்.

"பொண்ணு இங்க வரட்டுமே சார்" என்றார் ஓட்டல் மேனேஜர்.

"அதுக்கும் காப்பு கட்டியிருக்கே தம்பி. படிச்சவர் பேசுற பேச்சா இது?" என்ற இருளப்பன், சடையாண்டியிடம் திரும்பினார். "மச்சான், நேரம் போனா திரும்ப வருமா?"

"வராது."

"பொண்ணு?"

"அது எங்க போகுது? அங்கதானே நிக்குது."

"அப்ப நேரத்தைத்தான் விடக்கூடாது."

இருளப்பன் கையைத் தூக்கினார். மேளக்காரர்கள் கையைப் பார்த்து வாசிக்கிறவர்கள், கெட்டிமேளம் கொட்டினார்கள். கொண்டல்சாமி மடியில் வைத்திருந்த தாலியை எடுத்து, படகின் முன்பக்கத்துக் கம்பத்தில் மூன்று முடிச்சுப் போட்டான். சடையாண்டி தூவிய அட்சதையை மீன்கள் தின்றன.

தாலி கட்டியாயிற்று, இனித் தண்ணீரைத் தாண்டலாம். மூவரும் பலகையில் கம்பீரமாக நடந்து கரைக்கு வந்தார்கள்.

ஏகாம்பரத்துக்கு உயிர் வந்தது. "இன்னும் நேரம் இருக்கு சம்பந்தி. அதைக் கழட்டி என் பொண்ணுக்குக் கட்டிருங்க."

இருளப்பன் முகம் சிவந்தது. "கட்டுனதைக் கழட்டுறதா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் கெடையாது."

"அப்ப என் பொண்ணு கதி?"

"ரெண்டாந்தாரமா யோசிக்கலாம். ஆனா மூத்தவளை ஒரு வார்த்தை கேட்கணும்."

மூவரும் திரும்பப் படகேறி, கம்பத்தில் காதை வைத்தார்கள். கீழே தண்ணீர் சலசலத்தது.

"அழுவுறா மாப்ளே" என்றார் இருளப்பன். "பக்குவமா எடுத்துச் சொல்லு."