குளிக்க வைப்பது

தெற்கே ஒரு ஜமீனில் எஜமான் வைத்த வார்த்தைகளைத்தான் வேலையாட்கள் பேச வேண்டும். சவுக்கடிக்குச் சந்தனம் என்று பேர். பட்டினிக்கு விரதம். உள்ளதை உள்ளபடி சொன்னவனுக்கு அன்றே சந்தனம் பூசப்படும். ஆளைக் கொன்று கொல்லைக் கிணற்றில் தள்ளுவதற்குக் குளிக்க வைப்பது என்று பேர். எதிர்த்துப் பேசிய காவல்காரன் சங்கிலியைக் குளிக்க வைத்த பிறகு, கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள்.

அவன் தங்கை குருவம்மாவுக்கு அங்கேதான் அடுப்படி வேலை. பலகைக்கு அடியில் தண்ணீர் தளும்பும் சத்தம் பட்டப்பகலிலும் அவளுக்குக் கேட்டது.

காணாமல் போனவனைப் பற்றி விசாரிக்கத் தாசில்தார் சேவகர்களோடு வந்தார்.

"வேலையை விட்டு ஓடிட்டான்" என்றார் எஜமான். பிறகு உபசாரமாக, "குருவம்மா, ஐயா வெயில்ல வந்திருக்காரு. குளிக்க வை" என்றார்.

வேலையாட்கள் முகம் வெளிறிப்போய் நின்றார்கள். வெந்நீரைத்தான் சொல்கிறார் என்று குருவம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் பணிவாகக் கேட்டாள்: "எங்க அண்ணனைக் குளிக்க வெச்ச கிணத்துலயா எஜமான்? பலகையை எடுக்கச் சொல்லட்டுமா?"

"இவளுக்குப் புத்தி சரியில்லை" என்று எஜமான் சிரித்தார்.

அவள் தாசில்தார் பக்கம் திரும்பினாள். "அப்படின்னா எஜமானே முதல்ல அங்க குளிச்சுக் காட்டட்டும்யா."

தாசில்தார் எஜமானைப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது.

சேவகர்கள் பலகையைத் தூக்கினார்கள். எட்டிப் பார்த்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினான். அந்த அரண்மனையில் முதன்முதலாக ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாள்:

"எங்க அண்ணனைக் கொன்னுட்டாங்கய்யா."