நத்தையின் கதவு

கரட்டுமலை மடத்தின் தலைவி அறவாழி அம்மைக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் திருமேனிக்கு அறுபத்திரண்டு. தன்னைவிட இளையவளின் முன், அதுவும் ஒரு பெண்ணின் முன், அவருடைய முதுகு வளைய ஓராண்டு பிடித்தது.

பங்குனி மாதத்தில் ஒரு காலை அவர் வந்து வணங்கினார்.

"தாயே, மேலைக் குகையில் ஒரு மண்டலம் தனித்திருக்க அனுமதி வேண்டும். அவலும் தண்ணீரும் உள்ளே வைத்துக்கொள்கிறேன். வாயிலைச் சுவரெழுப்பி அடைத்துவிடலாம்."

"சுவர் எதற்கு?"

"அமாவாசைதோறும் என் மகள் வருகிறாள். மாமியார், மழை, மாட்டுக்குக் காய்ச்சல் என்று பேசிவிட்டுப் போகிறாள். மூன்று நாள் என் மனம் அதிலேயே கிடக்கிறது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது. உள்ளிருந்து எதுவும் வெளியே போகவும் கூடாது."

"அவளிடம் சொல்லிவிட்டீரா?"

"சுவரைப் பார்த்தால் தெரிந்துகொள்வாள்."

அம்மை மறுக்கவில்லை. கொத்தனார் சங்கிலியை வரவழைத்தார்.

சங்கிலி குகைவாயிலை முழம்போட்டு அளந்தார்.

"ஜன்னல் எந்தப் பக்கம் விடணும் சாமி?"

"ஜன்னல் வேண்டாம்."

"ஒரு சந்து?"

"ஒன்றும் வேண்டாம்."

"கோழிக்கூட்டுக்கே சந்து விடுறோம். நீங்க என்ன, கோழியைவிட மட்டமா?"

திருமேனியின் முகம் சிவந்தது. அம்மை சிரித்துவிட்டார்.

"சங்கிலி, நீ கல்லை அடுக்கத் தொடங்கு. திருமேனி, முழுவதும் மூடிக்கொண்டு வாழும் ஓர் உயிரைத் தேடிக் கொண்டுவாரும். அதைப் பார்த்து அப்படியே கட்டச் சொல்கிறேன்."

அவர் இரண்டு நாள் சரிவெங்கும் தேடினார். மூன்றாம் நாள் காலையில் உள்ளங்கையில் ஒரு நத்தையோடு குகைக்கு வந்தார். அதன் ஓட்டின் வாயை வெள்ளை மூடி ஒன்று அடைத்திருந்தது. சுவர் அதற்குள் முழங்கால் உயரம் எழும்பியிருந்தது.

"இதோ தாயே. வெயில் ஏறியதும் மூடிக்கொண்டது. தின்பதில்லை, குடிப்பதில்லை, நகர்வதில்லை. மழை விழும்வரை திறக்காது. காற்றும் இதனுள் நுழையாது."

அம்மை அதை வாங்கி, விரல்நுனியால் மூடியைத் தடவினார்.

"கரண்டி இல்லை, சாந்து குழைத்துத் தர ஆளில்லை. தன் உடம்பிலிருந்தே எடுத்துப் பூசியிருக்கிறது."

சங்கிலியும் எட்டிப் பார்த்தார். "முப்பது வருசமாப் பூசுறேன். என் கைக்கு இந்த வழவழப்பு வந்ததில்லைம்மா."

அம்மை நத்தையைத் திருமேனியிடம் திருப்பிக் கொடுத்தார். சாந்துச் சட்டியையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதன்மேல் இன்னொரு பூச்சு பூசும்."

"எதற்குத் தாயே?"

"காற்றும் நுழையாது என்றீரே. பூசினால் அதற்கு என்ன நட்டம்?"

திருமேனி விரலால் சாந்தைத் தொட்டு எடுத்தார். மூடிக்கு அருகில் விரல் நின்றுவிட்டது. நத்தையை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். மூடியின் ஓரத்தில், மயிரிழை அகலத்தில், ஒரு கீறல் இருந்தது.

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"செத்துப்போகும் தாயே."

"ஏன்?"

"இந்த வழியாக மூச்சு விடுகிறது."

அவர் நத்தையை மெல்லத் தாழ்த்தி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"மூச்சுக்கு வழி விட வேண்டுமென்றால், இவ்வளவு பாடுபட்டு ஏன் மூட வேண்டும்?"

"உடம்பின் ஈரத்தை வெயில் குடித்துவிடாமலிருக்க. ஈரம் நிற்க வேண்டும். நல்ல காற்று வர வேண்டும், கெட்டது போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் இதற்கு வாய்த்தது ஒரே வாசல். அதில் எதைத் தடுப்பது, எதை விடுவது என்று இதற்குத் தெரிந்திருக்கிறது. இந்த மலையில் பல தவசிகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெரிந்தவர் எவருமில்லை. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வாரும்."

அவர் வைத்துவிட்டுத் திரும்பியபோது மகள் உமையாள் சுவரருகே நின்றுகொண்டிருந்தாள். அன்று அமாவாசை. மலையேறி வந்த மூச்சிரைப்பு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

"இது எதுக்குப்பா?"

சங்கிலி கரண்டியால் சட்டியைத் தட்டினார். "சாந்து இறுகுது சாமி. கட்டவா, வேண்டாமா?"

"கட்டு. ஆனால் ஒரு சந்து விடு."

"எந்த உயரத்துல?"

திருமேனி அம்மையின் முகத்தைப் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கிறீர்? வெளியே உட்கார்ந்து பேசப்போகிறவள் அவள். உயரத்தை அவளிடம் கேளும்."