குடுத்த ஐம்பது ரிங்

ஜம்புலிங்கம் கான்ட்ராக்டர் என்றால் எல்லாருக்கும் பயம். கம்பி கட்டுகிற லூர்துவுக்கு இன்னும் அதிகம். போன வருஷம் அவர் கட்டின கடையில் பீம், தூண் ஓரமாகச் சாய்வாக வெடித்து, திடீரென்று விழுந்தது. விழுவதற்கு முன்னால் அது கொஞ்சம் வளைந்து காட்டியிருந்தால் கீழே நின்ன லூர்து தம்பி ஓடிப் பிழைத்திருப்பான்.

இப்போது பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். பீம் அப்படி வெடிக்காமல் இருக்க, அதன் கம்பிகளைச் சுற்றிக் கட்ட நூறு ரிங் வேண்டும். அவர் குடுத்தது ஐம்பது.

"தள்ளித் தள்ளிக் கட்டுடா. சோதிக்க வர்ற ஆபீசருக்குக் குறை தெரிஞ்சுது, உன்னை இந்த ஊர்லயே வேலை செய்ய விடமாட்டேன்."

லூர்து தலையைக் குனிந்து ரிங்கை எடுத்துக்கொண்டான். "குடுத்ததுல ஒண்ணுகூட மிச்சம் வைக்கமாட்டேன் முதலாளி."

ஐம்பதையும் ரெண்டு தூண் ஓரத்திலும் நெருக்கிக் கட்டினான். பீம் முதலில் வெடிக்கிற இடம் அதுதான். நடுவில் ஒரு ரிங்கும் இல்லை.

கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஆபீசர் மேலே ஏறினார். "நடுவுல என்னய்யா, மொட்டையா இருக்கு?"

ஜம்புலிங்கம் பாய்ந்து லூர்து சட்டையைப் பிடித்தார். "அறிவுகெட்டவனே! ஐம்பதையும் தள்ளித் தள்ளிக் கட்டுன்னுதானே சொன்னேன்?"



"முதல்ல சட்டையை விடுங்க," என்றார் ஆபீசர். "ஐம்பதுதான்னு நான் இன்னும் எண்ணவே இல்லையே."

மீதி ஐம்பது வந்த பிறகுதான் கான்கிரீட் போட்டார்கள். அதைக் கட்டும்போதும் லூர்துவுக்குப் பயம் போகவில்லை. ஆனால் ஒரு முடிச்சுகூடத் தளரவில்லை.