மூன்றாம் மாடி ஸ்விட்ச் ரூம்

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கோமதிநாயகம் கேட்ட முதல் கேள்வி இது:

"டீச்சர், போய்ப் பார்க்க முடியாத இடத்துக்கு ஃபாரத்துல என்ன எழுதணும்?"

ஜெபமலர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இருக்குன்னு எழுதணும்."

"பார்க்காமலேவா?"

"பார்க்கலைல்லா, அதனாலதான்."

டீச்சருக்கு வயது முப்பத்தாறு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்திருந்தார். பழைய கடைகள், ஆபீஸ்கள், குடோன்கள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, எங்கே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, என்ன நிலைமையில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்கிற தொழில். எழுதி வைத்தால்தானே நாளைக்கு எவனும் தெரியாமல் அதில் துளை போடாமல் இருப்பான்!

சிஷ்யனுக்கு வயது ஐம்பத்தெட்டு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் முப்பது வருஷம் கட்டடச் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். 'நாயகம் பார்த்தா சரியா இருக்கும்' என்று ஊரில் ஒரு பேர் உண்டு. மகள் வயதுப் பெண்ணிடம் போய்த் தொழில் படிக்கிறாரே என்று ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நாலு மாதத்தில் நிறையப் படித்தார். பலகையைத் தட்டிப் பார்க்க, கூரைக்கு மேலே டார்ச் அடிக்க, சாம்பிள் வெட்டுமுன் தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்க. எல்லாவற்றையும்விட அதிகமாகப் படித்தது சந்தேகம்.

"புதுசா பெயிண்ட் அடிச்ச சுவரையும் சிரிச்சுப் பேசற மேனேஜரையும் நம்பக் கூடாது அண்ணாச்சி," என்பார் டீச்சர்.

ஐந்தாவது மாதம் ஓர் ஆர்டர் வந்தது. ஜங்ஷன் பக்கம் சங்கரவேல் வணிக வளாகம், நான்கு மாடி. மூன்றாவது மாடியை வாடகைக்கு எடுக்க வந்த வெளிநாட்டுக் கம்பெனி, ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் உள்ளே வர மாட்டேன் என்றதாம்.

கோமதிநாயகம் ஆர்டர் பேப்பரைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இதுக்கு வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்களேன் டீச்சர்."

"உங்களுக்குத் தெரிஞ்ச கட்டடமாச்சே!" என்று டீச்சர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து டீச்சர் எது சொன்னாலும் அதில் ஒரு கொக்கி இருப்பதாகவே பட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

குற்றம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே வளாகத்தில் அவர்தான் சூப்பர்வைசர். இன்ஷூரன்ஸ்காரர்கள் இதே மாதிரி ஒரு பேப்பர் கேட்டார்கள். மாடி மாடியாகப் போய்ப் பார்த்தார். மூன்றாம் மாடியில் ஸ்விட்ச் ரூம் மட்டும் பூட்டியிருந்தது. சாவி வர அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். அவர் கீழே போய் ஒரு டீ குடித்தார். 'எல்லா இடமும் பார்த்தேன், எங்கும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். அந்த ரூமுக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்கு இன்றைக்கு வரை தெரியாது.

போய்ச் சேர்ந்ததுமே மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒரு ஃபைலை நீட்டினார்.

"பழைய ரிப்போர்ட் இருக்கு மேடம். ஒண்ணுமே இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கு."

டீச்சர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. அப்படியே கோமதிநாயகத்தின் கையில் கொடுத்தார்.

"நீங்க வச்சிருங்க அண்ணாச்சி."

ஏன் பிரிக்கவில்லை? எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதல் வேலையாகப் பழைய ரிப்போர்ட்டைக் கேட்கிற ஆள், இன்றைக்கு மட்டும் ஏன் பிரிக்கவில்லை? ஏன் இவர் கையில் கொடுக்க வேண்டும்? ஃபைல் நெருப்பாகச் சுட்டது.

இரண்டாம் மாடியில் டீச்சர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது, கோமதிநாயகம் மெல்லப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டார். ஃபைலைப் பிரித்தார். மேலேயே இருந்தது அந்தப் பேப்பர். கீழே அவருடைய கையெழுத்து, வால் நீட்டி, கோடு போட்டு. உருவினார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பேனா ஒழுகுதா அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

"இல்லையே. ஏன்?"

"கையை நெஞ்சுலேயே வச்சிருக்கீங்க, அதான்."

அவர் கையை எடுத்தார். தெரிந்துதான் கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

மூன்றாம் மாடியில் ஸ்விட்ச் ரூம் வாசலில் சாவியோடு நின்றான் இசக்கி. வளாகத்தின் எலெக்ட்ரீஷியன். அந்தக் கையெழுத்துப் போட்டு ரெண்டு மாதம் கழித்து அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே கோமதிநாயகம்தான்.

"ஏ அண்ணாச்சி! எங்களையெல்லாம் மறந்தே போனியளே!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் முகமூடி மாட்டுவதைப் பார்த்து அவனுக்கு ஒரே சிரிப்பு. "என்ன டீச்சர், கொரோனா இன்னும் போகலையா?"

டீச்சர் பையிலிருந்து இன்னொரு முகமூடியை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"நீங்க வெளியவே நில்லுங்க. கதவை மட்டும் திறங்க. இதையும் போட்டுக்கிடுங்க."

கதவு திறந்தது. ஸ்விட்ச் போர்டுகளுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பலகை. கோமதிநாயகத்துக்குத் தட்டிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு மாதம் படித்திருந்தாரே. அந்தப் பலகையில் சல்லடை மாதிரி துளைகள். ஒவ்வொரு துளைக்கும் கீழே வெள்ளையாகத் தூசி கோடு கோடாக இறங்கியிருந்தது.

"இவ்வளவு துளையா?" என்றார் டீச்சர்.

"எல்லாம் நம்ம கை வேலை டீச்சர்," வாசலில் நின்றே இசக்கி பெருமையாகச் சொன்னான். "புதுசா ஒரு கடை வந்தா ஒரு வயரு. ஒரு வயருக்கு ரெண்டு கிளாம்ப்பு. பதினோரு வருஷமாச்சே."

"போடலாமான்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"கேப்பானேன்? கதவுக்குப் பின்னாடி பாருங்க. அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட பேப்பரு. ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் பண்ணி நான்தான் ஒட்டி வச்சேன்."

டீச்சர் கதவைச் சாய்த்துப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. வாலும் கோடும்கூடத் தெளிவாகத் தெரிந்தன. கோமதிநாயகத்தின் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்தது, இங்கே விரித்த மேனிக்குப் பதினோரு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் கதவை விட்டுவிட்டு உள்ளே திரும்பினார். பலகையின் ஒரு மூலையில் தண்ணீர் தெளித்தார். சின்னதாக ஒரு துண்டு வெட்டினார். வெட்டிய இடத்தைப் பேஸ்ட் வைத்து அடைத்தார். துண்டை ஒரு பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு ஒட்டினார். வெளியே வந்து இசக்கியிடம் கதவைப் பூட்டச் சொல்லி, அபாயம் என்று ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்.

இசக்கிக்குக் கேட்காத தூரம் வந்ததும் கோமதிநாயகம் வாயைத் திறந்தார்.

"இன்னிக்கே எல்லாத்தையும் பேத்து எடுத்துரலாமா டீச்சர்?"

"பேத்தா இன்னும் பறக்கும். லேப் ரிசல்ட் வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் பூட்டியே கிடக்கட்டும்."

"அதுவரைக்கும் அது என்னன்னு..."

"இருக்குன்னுதான்."

அவர் திரும்பி இசக்கியைப் பார்த்தார். "இசக்கிகிட்ட யார் சொல்லணும்?"

"பேப்பர்ல யார் கையெழுத்து இருக்கு?" என்று கேட்டுவிட்டு டீச்சர் படியிறங்கிப் போய்விட்டார்.

கோமதிநாயகம் திரும்பி நடந்தார். முப்பது அடிதான் இருக்கும்.

"இசக்கி, அந்தப் பேப்பர் பொய்டே."

"எது அண்ணாச்சி?"

"நான் போட்ட பேப்பர். நான் இந்த ரூமுக்குள்ள போகவே இல்லை. சாவி வர அரைமணி நேரம் ஆகும்னாங்க. டீயைக் குடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

இசக்கி சிரித்தான். அண்ணாச்சி விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"அந்தப் பலகை ஆஸ்பெஸ்டாஸா இருக்கும்னு நினைக்கோம். துளை போடும்போது வர்ற தூசி நெஞ்சுக்குள்ள போனா அங்கேயே தங்கிரும். இருபது முப்பது வருஷம் கழிச்சுக்கூட வியாதியைக் கொண்டு வரலாம். எல்லாருக்கும் வரும்னு இல்லைடே. ஆனா டாக்டர்கிட்ட சொல்லி வைக்கணும். நெஞ்சை அப்பப்பப் பாத்துக்கிடணும். நான் கூட்டிட்டுப் போறேன்."

இசக்கி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். தோளைத் தட்டிவிடப் போன கை பாதியில் நின்றது.

"துளை போட்டுட்டு இப்படியேதான் வீட்டுக்குப் போவேன்," என்றான் மெதுவாக. "சட்டையை உதறி உதறித் துவைக்கிறது என் வீட்டுக்காரி பேச்சித்தாயி. அவளும் வரணுமா சார்?"

பதினோரு வருஷமாக அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய். செருப்பால் அடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஆமா. அவளும் வரணும்."

இசக்கி சட்டையைத் தொடாமல் கையை இறக்கினான். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வராந்தா ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

கீழே வாசல் படியில் ஃபாரத்தை மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து நீட்டினார்.

"ஃபைல்லேருந்து நான்தான் உருவினேன்."

டீச்சர் வாங்கி, மடிப்பை நீவி, ஃபைலில் வைத்தார்.

"என் மேல எப்பலேருந்து சந்தேகம் டீச்சர்?"

"நீங்க வேலைக்கு வந்த அன்னைக்கே."

"அன்னைக்கா! அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்?"

"புதுசா வர்ற எல்லாரும் என்ன கேப்பாங்க தெரியுமா? எங்கெல்லாம் பார்க்கணும்னு கேப்பாங்க. நீங்க மட்டுந்தான் பார்க்காத இடத்தைப் பத்திக் கேட்டீங்க."

கோமதிநாயகம் படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதமும் ஒளித்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது, முதல் நாளே தன் வாயாலேயே வெளியே வந்திருக்கிறது.

"அப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இந்த நாலு மாசமும் அவன் துளை போட்டுக்கிட்டுல்லா இருந்திருக்கான்!"

"எந்தக் கட்டடம்னு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியும்."

மேலே ஒரு கடையில் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

டீச்சர் ஃபாரத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். தூசி பட்டவர்கள் பேரை எழுதுகிற பக்கம் அது. கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். இசக்கி. அதற்குக் கீழே பேச்சித்தாய்.

"அந்த ரூமுக்குள்ள வேற யாரும் போகலையா?" என்று கேட்டார் டீச்சர்.

"வேற யாரும் இல்லை டீச்சர். சாவி அவன்கிட்ட மட்டுந்தான் இருக்கும்."

"பார்த்தீங்களா?"

கோமதிநாயகம் பேனாவை மூடினார். எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் மாடிப்படி ஏறினார்.