பால் பாக்கெட்டுல பொன்னாங்கண்ணி

"பூட்டிட்டான்டி, தில்ஷாத்! மொட்டை மாடிய பூட்டிட்டான்!"

எட்டு மாடி இறங்கி, மூச்சு வாங்க தில்ஷாத் வீட்டு வாசல்ல வந்து நின்னா ரெஜினா.

லிப்ட் இருக்கு. திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனுஷன் ஒருதடவ ஏறினார். அதோட சரி. இப்ப அதுல யாரோ சைக்கிள் நிறுத்தறாங்க. அது கிடக்கட்டும்.

ரெஜினாவுக்கு அம்பத்திரெண்டு வயசு. தில்ஷாத்துக்கு முப்பது. ஆனா செடி விஷயத்துல தில்ஷாத்துதான் அவளுக்கு குரு. குடிசைய இடிச்சு, சர்க்கார் இவங்கள ஊருக்கு வெளிய இந்த அடுக்குமாடியில கொண்டாந்து குடி வச்சதுல, முன்ன பாத்த வீட்டு வேலையெல்லாம் போச்சு. மொட்டை மாடியில பெயிண்ட் வாளியில பொன்னாங்கண்ணிக் கீரை போட்டு வித்துதான் ரெஜினா வீட்டுல உலை கொதிக்குது.

"தெரியும். உக்காருக்கா."

"தெரியுமா? தெரிஞ்சுமா உக்காந்து கீரை ஆயுற?"

"கீழ கொட்டிக் கிடந்துச்சு. பொறுக்கிட்டு வந்தேன்."

"வியாழக்கிழமை நம்ம தோட்டத்துக்குப் பரிசு குடுக்க வராங்களாம். நம்ம வாளி அசிங்கமா இருக்காம்! அத கொட்டிட்டு, வாடகைக்கு குரோட்டன்ஸ் கொண்டாந்து அடுக்கியிருக்கான் அந்தக் குடியிருப்புச் சங்கச் செயலாளர். நாளைக்கு நான் என்னத்த விக்க? குரோட்டன்ஸயா?"

தில்ஷாத் பாதிக் கீரைய அவ பக்கம் தள்ளினா.

"ஆய்க்கா."

ரெஜினா ஆய்ஞ்சா. ஆய்ஞ்சாளா, பிச்சாளா! இலை முறத்துல, தண்டு தரையில.

"அவன் கால்ல போய் விழணுமா? வாயத் தொறந்து சொல்லேன்டி!"

தில்ஷாத் தரையில கிடந்த ஒரு தண்ட எடுத்தா. காலி பால் பாக்கெட்டுல ரெண்டு கை மண்ணப் போட்டு, தண்ட சொருகி, ஜன்னல் கம்பியில கட்டினா.

பொன்னாங்கண்ணிக்கு விதை வேணாம், தண்டு போதும். என் நாத்தனார் ஒருத்தி அதுக்கு விதை கேட்டு ஒரு வாரம் கடை கடையா அலைஞ்சா. அவ எதுக்கும் அலையறவதான்.

ரெஜினா அந்தப் பாக்கெட்டையே பாத்தா. அப்புறம் கிடந்த தண்டெல்லாம் முந்தானையில அள்ளிக்கிட்டு எழுந்தா.

"எங்கக்கா?"

"மூணாவது மாடிக்கு, பாக்கெட் கட்ட. அந்தச் செயலாளர் பொண்டாட்டி ஜன்னல்லதான் வெயில் நல்லா அடிக்குது."