தென்கரை நோட்டக்காரர் சொன்ன பெயர்

சர்வதாரி ஆண்டு, பங்குனித் திங்கள் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையிலேயே அனல்காற்று வீசிற்று. வானில் ஒரு துண்டு மேகமும் இல்லை. காட்டின் நடுவிலிருந்த ஏரி பாதிக்குமேல் வற்றி, அதன் ஓரங்களில் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அன்று தெரிவு நாள்.

நான்கு கரைகளின் விலங்குகளும் தெரிவுப் பாறையின்முன் கூடின. முள்ளம்பன்றியாகிய ஊசியப்பரும் வந்தார். வந்தவர் கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி, வழக்கம்போல் தனியே அமர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரும், ஐயா! போன ஆண்டு உம் அருகே அமர்ந்த முயல் மூன்று நாள் குப்புறப் படுத்துக் கிடந்தது!" என்றது ஓர் அணில்.

எல்லோரும் சிரித்தார்கள். ஊசியப்பரும் சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, மேலும் இரண்டடி தள்ளி அமர்ந்தார்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடை தொடங்கியதும் நான்கு கரையினரும் விளங்காய் ஆட்டம் ஆடுவார்கள். ஓடு முற்றிய விளங்காய் ஒன்றை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்க்க வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் எறிவீரர் ஒருவர் இருப்பார். அவர் பின்னால் நின்று, முன்னே ஓடும் மான்களுள் ஒன்றுக்குக் காயை எறிவார். மான் அதைக் கொம்பிடுக்கில் ஏந்திக்கொண்டு எல்லையை நோக்கி ஓடும். எறிவதற்குள் எறிவீரரைச் சாய்த்துவிட, எதிரணியின் காட்டுப்பன்றிகள் பாய்ந்து வரும்.

வென்ற கரையினர் கோடை முழுதும் முதலில் நீர் பருகலாம். கடைசி இடத்துக்குப் போன கரையினர், மற்ற மூவரும் கலக்கிவிட்டுப் போன சேற்றுநீரைத்தான் குடிக்க வேண்டும். தென்கரை மூன்று ஆண்டுகளாகச் சேற்றுநீரையே குடித்து வந்தது. சென்ற கோடையில் மட்டும் தென்கரைக் குட்டிகள் பதினொன்று வயிற்றுநோயால் இறந்தன.

கடைசியில் நிற்பவர்களுக்கும் ஒரு நியாயம் வேண்டுமல்லவா? ஆகவே, தெரிவு நாளில் அவர்களே முதலில் தேர்ந்தெடுப்பார்கள். எறிவீரராக விரும்பி வந்துள்ள இளையவர்களுள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். பாறைமேல் ஏறிப் பெயரைச் சொல்பவர் அந்தந்தக் கரையின் நோட்டக்காரர். ஆண்டு முழுதும் காடெங்கும் அலைந்து, இளையவர்களைப் பார்த்து எடைபோட்டு வைப்பது அவர் தொழில். அவர் சொல்லிவிட்ட பெயரைக் கரைத்தலைவரும் மாற்ற முடியாது.

தென்கரையின் நோட்டக்காரர் ஊசியப்பர்.

அந்தத் தொழிலில் துணை கிடையாது. பேச்சும் கிடையாது. புதருக்குப் பின்னால் அசையாமல் இருந்து பார்க்க வேண்டும்; பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த புதருக்குப் போக வேண்டும். முள்ளுள்ளவருக்கு ஏற்ற தொழில் என்று காட்டார் சொல்வார்கள். ஊசியப்பருக்கு மட்டும், ஒருநாளாவது நாலு பேரின் நடுவில் அமர்ந்து வெறும் அரட்டை அடிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு யாரும் அருகில் வந்ததுமில்லை.

ஐப்பசியில் ஒருநாள், கிழக்குச் சரிவில் ஒரு பெரிய நெல்லிமரத்தைக் கடந்துகொண்டிருந்தார். மரத்தில் ஓர் இளமந்தி தனியே இருந்தது. முகம் மை பூசினாற்போல் கறுத்திருந்ததால், அதற்கு மையாள் என்று பெயர். சிறுவயதில் கிளை முறிந்து விழுந்ததில் இடக்கையில் இரண்டு விரல்களை இழந்திருந்தாள். விரலற்றவள் கிளைக்குப் பாரம் என்று சொல்லி, அவளுடைய கூட்டம் அவளைத் துரத்திவிட்டது.

மரத்தடியில் மான்கள் மேய்ந்தன. மையாள் நெல்லிக்கனிகளைப் பறித்துப் பறித்து அவற்றுக்கு எறிந்துகொண்டிருந்தாள். ஊசியப்பர் மறைந்து நின்று கவனித்தார். மான் நின்ற இடத்துக்கு அவள் எறியவில்லை. வெற்றிடத்துக்கே எறிந்தாள். ஆனால், கனி தரையைத் தொடும்போது மானின் வாய் அங்கே இருந்தது! பத்துக் கனிகளுக்குப் பத்தும் அப்படியே!

அப்போது புதரிலிருந்து ஒரு செந்நாய் பாய்ந்தது. மான்கள் சிதறின. செந்நாய் அடிமரத்தில் தாவி, மையாளின் வாலைப் பற்றுமளவு எட்டியது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வழிதவறி நின்ற மான்குட்டி ஒன்றின் முன்னால், வலப்புறம் ஒரு கனி, அதற்கப்பால் ஒரு கனி என்று எறிந்தாள். குட்டி கனிகளைத் தொடர்ந்து ஓடித் தாயிடம் சேர்ந்தது.

செந்நாய் போன பிறகு ஊசியப்பர் வெளியே வந்து நடந்தார். அவர் வைக்கப்போன நாலாவது அடியில் ஒரு நெல்லிக்கனி வந்து விழுந்தது.

"நீ யாருக்கு எறிகிறாய், பெண்ணே?" என்று கேட்டார்.

"யார் கீழே வந்தாலும் எறிவேன், ஐயா. மேலே என்னோடு யாரும் இல்லையே! நீங்கள் நோட்டக்காரர்தாமே? தெரிவு நாளில் என் பெயரைச் சொல்வீர்களா? யாரும் சொல்லாவிட்டால், நான் மறுபடியும் இந்த மரத்துக்குத்தான் வர வேண்டும்."

"சொல்வேன்," என்றார் ஊசியப்பர்.

பங்குனி வரையில் அவர் இருபத்துமூன்று இளையவர்களைப் பார்த்தார். மையாளுக்கு நிகராக ஒருவரும் இல்லை.

தெரிவு நாளில் முதலில் கையளவு பார்த்தார்கள். விரித்த உள்ளங்கையின்மேல் அரசிலை ஒன்றை வைப்பார்கள். இலை கைக்குள் அடங்கினால் பெரிய கை. மையாளின் இடக்கையில் வைத்த இலை நழுவிக் கீழே விழுந்தது.

"கை எங்கே? கையைக் கொண்டுவர மறந்துவிட்டாளோ!" என்று ஒரு கீரி கத்தியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்து வந்தவன் பொன்வால் என்னும் இளங்குரங்கு. அகன்ற மார்பு, நீண்ட கை, வெயிலில் மின்னும் வால். அரசிலை அவன் கைக்குள் காணாமற்போயிற்று. பின்பு காலியான மைதானத்தில் அவன் விளங்காயை எறிந்தான். அது வெடித்த சேற்றைக் கடந்து, நாணலைக் கடந்து, ஏரி நீரில் போய் விழுந்தது! அத்தகைய எறியை அந்தக் காடு கண்டதில்லை.

"இவன்தான்! இவனேதான்!" என்று தென்கரையார் துள்ளினார்கள்.

மைதானத்தில் மானும் இல்லை. பாய்ந்து வரும் பன்றியும் இல்லை. இதை நினைத்தவர் ஊசியப்பர் ஒருவரே.

பெயர் சொல்லும் நேரம் நெருங்கியது. அப்போது, அதுவரை நடவாத ஒன்று நடந்தது. தென்கரைத் தலைவரான கரடி தேனாண்டார் எழுந்து வந்து, ஊசியப்பருக்கு மிக அருகில் அமர்ந்தார். குள்ளநரி வெண்மூக்கன் மறுபக்கம் அமர்ந்தான். இன்னும் ஏழெட்டுப் பேர் சுற்றி அமர்ந்தார்கள்.

"தேனடை சாப்பிடும், ஊசியப்பரே! இத்தனை நாள் உம்மைத் தனியே விட்டது எங்கள் தவறு," என்றார் தேனாண்டார்.

"முள் குத்துமே, தலைவரே!"

"குத்தட்டுமே! நம் வீட்டு முள்தானே!" என்றான் வெண்மூக்கன்.

ஊசியப்பர் தேனடையைப் பிட்டு வாயில் வைத்தார். தேனடையைவிட அந்த 'நம்' என்ற சொல் இனித்தது.

"பொன்வால்தானே?" என்று தேனாண்டார் மெல்லக் கேட்டார்.

"தலைவரே, நெல்லிமரத்து மந்தி ஒருத்தி இருக்கிறாள்..."

"யார், அந்த விரலில்லாதவளா?" வெண்மூக்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சும்மா விளையாடாதீர், அண்ணா! குட்டிகளைப் பறிகொடுத்த தாய்மார் கேட்டால் உம்மை உயிரோடு விடுவார்களா?"

"அவள் எறிவதை நான் பார்த்திருக்கிறேன்."

"நீர் ஒருவர் பார்த்தீர், பொன்வால் எறிந்ததை ஊரே பார்த்தது," என்றார் தேனாண்டார். "வாயைத் திறப்பது உம் உரிமை. ஆனால், நம்மோடு நிற்பவர் யாரென்று நாங்களும் பார்க்க வேண்டுமல்லவா? இன்று மாலை விருந்து இருக்கிறது. என் பக்கத்தில் உமக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன்."

ஊசியப்பர் பாறைமேல் ஏறினார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இளையவர்களின் வரிசையில் கடைசியில் மையாள் நின்றாள். அவர் கண்கள் அவளிடம் போயின; அங்கேயே நின்றன. அவள் முகம் மலர்ந்தது. ஓரடி முன்னால் எடுத்துவைத்தாள்.

"தென்கரை கேட்பது... பொன்வால்," என்றார் ஊசியப்பர்.

ஆரவாரம் காதைப் பிளந்தது. மையாள் எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கீழ்க்கரை ஒரு கரடிக்குட்டியைக் கேட்டது. மேற்கரை ஒரு நீர்நாயைக் கேட்டது. இறுதியாக, சென்ற ஆண்டு வென்ற வடகரையின் நோட்டக்காரி வந்தாள். அவள் ஓடம்மாள் என்னும் முதிய ஆமை. பாறையில் ஏற அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று.

"வடகரை கேட்பது மையாள்," என்றாள்.

கூட்டம் மறுபடியும் சிரித்தது. ஊசியப்பர் மட்டும் சிரிக்கவில்லை. பாறையிலிருந்து இறங்கிய ஓடம்மாளை வழிமறித்தார்.

"அம்மா, நீங்கள் அவள் எறிவதை எப்போது பார்த்தீர்கள்?"

"நான் எங்கே பார்த்தேன்! கிழக்குச் சரிவில் ஏற என் காலுக்கு ஆகுமா?"

"பிறகு எப்படி?"

"உம்மைப் பார்த்தேன், தம்பி. இந்தக் காட்டில் உம்மைவிட நல்ல கண் கிடையாது. வாய் பொன்வால் என்றது. கண் அவளைவிட்டு நகரவில்லை. நான் கண்ணை நம்பினேன்."

அன்று மாலை விருந்தில் ஊசியப்பர் தேனாண்டாரின் பக்கத்தில் அமர்ந்தார். எல்லோரும் அவரோடு பேசினார்கள். அவருக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை.

சித்திரை முதல் நாள் ஆட்டம் தொடங்கியது. தென்கரையும் வடகரையும் மோதின. பொன்வால் காயை ஓங்கியபோது, வடகரைப் பன்றிகள் ஐந்து புழுதி பறக்கப் பாய்ந்து வந்தன. அவன் முன்பு எறிந்ததெல்லாம் காலி மைதானத்தில்தானே! கண்ணை மூடிக்கொண்டு, மான் நின்ற இடத்துக்கு எறிந்தான். காய் போய்ச் சேர்வதற்குள் மான் அங்கே இல்லை. அடுத்த எறி மைதானத்தையே தாண்டிப் போயிற்று. வெகுதூரம் போயிற்று. ஆனால், அங்கே யாரும் இல்லை.

மையாள் எறிந்தாள். தென்கரைப் பன்றியின் மூக்கு முதுகில் இடித்தும் அவள் திரும்பவில்லை. காய் வெற்றிடத்துக்குப் பறந்தது. "எங்கே எறிகிறாள், பைத்தியம்!" என்று வெண்மூக்கன் கூவி முடிப்பதற்குள், ஒரு மான் அங்கே வந்து அதைக் கொம்பில் ஏந்திக்கொண்டது. வடகரை ஏழு முறை எதிரணியின் எல்லையைக் கடந்தது. தென்கரை ஒருமுறைகூடக் கடக்கவில்லை. மற்ற இரு கரைகளிடமும் தென்கரை தோற்றது.

"அவள் இப்படிப்பட்டவள் என்று உமக்குத் தெரியுமா?" என்று தேனாண்டார் கேட்டார்.

"தெரியும்."

"தெரிந்தும் ஏனய்யா பாறைமேல் அவள் பெயரைச் சொல்லவில்லை?"

"நீங்கள்தாமே, தலைவரே, பொன்வாலை..."

"நாங்கள் ஆயிரம் சொல்வோம்! எங்களுக்கு என்ன தெரியும்? தெரிந்து சொல்வதற்குத்தானே உம்மை வைத்திருந்தோம்!"

தேனாண்டார் எழுந்து போனார். வெண்மூக்கன் போனான். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். அவரைச் சுற்றிப் பத்தடிக்கு மீண்டும் யாரும் இல்லை.

ஊசியப்பர் வடகரைக்குச் சென்றார். மையாள் ஓர் அத்திமரக் கிளையில், புதிய தோழர்களின் நடுவில் இருந்தாள். அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினாள்.

"என்னை மன்னித்துவிடு, பெண்ணே. அன்று என்னுடைய நாலாவது அடியில் ஒரு கனி எறிந்தாய். இன்றும் ஒன்று எறிவாயா?"

அவள் கோபப்படவில்லை. ஒரு பழத்தைப் பறித்தாள். கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எறிவதற்கு, ஒருவர் எங்கே போவார் என்று தெரிய வேண்டும், ஐயா. அன்று எனக்குத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை," என்றாள்.

அந்தக் கோடையில் தென்கரை நான்காவது ஆண்டாகச் சேற்றுநீரைக் குடித்தது. ஒன்பது குட்டிகள் இறந்தன. பொன்வால் வைகாசியில் ஆட்டத்தை விட்டுவிட்டு மேற்குமலைக்குப் போய்விட்டான். மையாள் வடகரைக்கு ஆறு ஆண்டுகள் எறிந்தாள். ஓடம்மாள் மூன்றாம் ஆண்டில் இறந்தாள். தென்கரையார் வேறொரு நோட்டக்காரரை அமர்த்திக்கொண்டார்கள். ஊசியப்பர் கிழக்குச் சரிவிலிருந்த நெல்லிமரத்தடியில் குடியேறினார். மான்கள் சிறிது காலம் வந்து, மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயின. பின்பு அவையும் வருவதை நிறுத்திவிட்டன.

தனிமைக்கு அஞ்சித் தன் கண் கண்ட உண்மையை மறைப்பவன், அஞ்சிய அந்தத் தனிமையையே இறுதியில் அடைவான்.