குறையே இல்லாத மென்பொருள்

கோவை கணபதியில் இருந்த பொழுதுபோக்குப் பட்டறைச் சங்கத்தில் உலோகத்தைச் செதுக்கும் ஒரு மில்லிங் மெஷின் உண்டு. அதைவிடக் கனமான தலைவர் மருதாசலமும் உண்டு. வெட்டும் பாதையை மெஷினுக்குச் சொல்லித்தரும் மென்பொருளை அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று விலை அதிகம் என்றார். மற்றொன்று இணையமின்றித் திறக்காது என்றார். இலவசமாகக் கிடைத்ததை, இலவசம் என்பதாலேயே தள்ளினார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததைத் தவிர அந்த மெஷினை எவரும் தொட்டதில்லை.

புது உறுப்பினர் வசுமதி, சனிக்கோளின் வளையத்தைக் காணும் ஆசையில் தானே தேய்த்த கண்ணாடியைப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தாள். அதைத் தொலைநோக்கியில் பிடித்து நிறுத்த ஓர் அலுமினிய வளையம் மட்டுமே பாக்கி. வானம் தெளிந்த மாலைகளில், வெறுங்கண்ணுக்கு வெறும் புள்ளியாகத் தெரிந்த சனியைப் பார்த்தபடியே நிற்பாள்.

"அந்த இலவச மென்பொருளே போதுங்க சார்," என்றாள்.

"குறையே இல்லாத ஒண்ணைக் கொண்டு வாம்மா. அப்புறம் மெஷினைத் தொடு."

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்தாள். "கிடைச்சிருச்சுங்க சார். இதுவரைக்கும் ஒரு வெட்டுமுனையைக்கூட உடைச்சதில்ல, ஒரு பொருளைக்கூடக் கெடுத்ததில்ல."

"அட! பேரென்ன?"

"மெஷின் மேல நீங்க போட்டு வச்சிருக்கற உறைங்க சார்."

சங்கமே சிரித்தது. சிரித்தவர்களே உறையை உருவினார்கள். இலவச மென்பொருள் பாதை போட்டது, வளையம் பிறந்தது. தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் சொல்லல? நடுவுல ஒரு கோடு விழுந்திருக்கு."

"சனியோட வளையத்துலயும் ஒரு கோடு இருக்குங்க சார்," என்று வசுமதி அதை வாங்கிக்கொண்டாள். "அதைப் பார்க்கத்தான் இத்தனை நாளா ஏங்கிக் கிடக்கறேன்."